நானூற்றுப் பதினேழாம் எண் வீடு

லகுனியாஸ்,
ஜனவரி கடைசி, 1998.

அன்பு மகன் எந்தேருக்கு,

அம்மா நெல்வா எழுதுகிறேன். ஃபோனில் நீ "ஆசீர்வாதம் குடுங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி நாள் லைன் அறுந்துவிடுகிறது, அதனால் இந்த முதல் வரியிலேயே கடவுளின் ஆசீர்வாதத்தையும் நம் சான் பெனித்தோவின் ஆசீர்வாதத்தையும் உனக்குக் கொடுத்துவிடுகிறேன், எடுத்துக்கொள். நாங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்பாவுக்கு முழங்கால், எனக்குப் படபடப்பு, உன் தங்கை யொலெய்தாவுக்குக் கல்யாணக் கவலை, இப்படி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு நடமாடுகிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? உங்கள் வடக்குக் கடலில் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஏரிக்குள் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் படகில் வந்து வீட்டில் சாப்பிட்டார்கள், உங்களை இரண்டு வாரம் கடலிலேயே நிறுத்தி வைத்திருப்பது என்ன நியாயமோ. ஸ்காட்லாந்துக்காரர்கள் குளிரில் பிறந்தவர்கள், அவர்களைப் பார்த்து நீயும் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு திரியாதே.

இந்தக் கடிதத்தைப் பியாசிமில் வீட்டுப் பையன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவன் வியாழக்கிழமை உங்கள் அபர்தீனுக்குத் திரும்புகிறானாம். தபாலில் போட்டால் எப்போது வருமோ தெரியாது, எனக்கு அவசரம். ஃபோனில் சொல்லலாம் என்றால் ஃபோன் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கிறார். விஷயம் இதுதான், பதறாமல் படி. நம் வீட்டுச் சுவரில் இருந்த எண் போய்விட்டது. நானூற்றுப் பதினேழு. நம்மையெல்லாம் ஏரியைத் தடுத்துக் கட்டிய மண்கரைக்குக் கீழிருந்து எடுத்து மேட்டில் புது வீடு கொடுத்துக் குடியேற்றப் போகிறார்கள் என்று பத்து வருஷத்துக்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனி ஆபீஸ்காரர்கள் வந்து கறுப்புப் பெயிண்டில் போட்டுவிட்டுப் போனார்களே, அந்த எண். இத்தனை வருஷம் வெறும் பேச்சாகவே இருந்தது, இப்போது நிஜமாகவே நம் தெருவின் முறை வந்துவிட்டது, வந்த நேரத்தில் நம் சுவரில் எண் இல்லை. எண் தெரிகிற பழைய படம் ஒன்றைப் புனித வாரத்துக்குள் கொண்டுபோய்க் காட்டினால்தான் வீடு. இல்லையென்றால் நாம் பிற்பாடு வந்து குடிசை போட்டவர்கள் கணக்கில் போய்விடுவோம், தெரு முழுக்கப் போன பிறகும் நாம் மட்டும் இந்த ஏரிக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

எண் எப்படிப் போனது என்று கேட்பாய். யொலெய்தாவைக் கட்டப்போகிற நம் மாப்பிள்ளையின் வேலை. எலீசியோவை நீ ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறாய், மலைக்காரப் பையன், த்ருஹீயோவில் பிறந்தவன், இங்கே ரொட்டிக் கடையில் வேலை, நல்ல பிள்ளை, மலைக்காரர்களுக்கே உரிய மரியாதை, நம் நாயைக் கூட "நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றுதான் சொல்வான். நவம்பரில் சீகின்கிரா மாதா திருவிழாவுக்கு நானும் அப்பாவும் யொலெய்தாவும் மரக்காய்போ போயிருந்தோம், இரண்டு நாள் அத்தை வீட்டில் தங்கிவிட்டு வந்து பார்த்தால் வீடு மஞ்சளாக நிற்கிறது. தெருமுனையிலிருந்தே கண் கூசியது. வாசலில் அவன் தலைமுடியெல்லாம் பெயிண்ட், சிரித்துக்கொண்டு நிற்கிறான், கல்யாணத்துக்கு அவன் தரும் பரிசாம். "எல்லாச் சுவருக்கும் ரெண்டு பூச்சுங்கம்மா, யாரோ பசங்க கறுப்புல என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாங்க, அது மட்டும் மறையவே மாட்டேன்னுச்சு, அதுக்குத் தனியா மூணு பூச்சு குடுத்தேன்" என்றான். நம் ஊரில் ஒரு பச்சைக் குழந்தைக்குக் கூடத் தெரியும், ஒவ்வொரு நவம்பரிலும் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது எண்ணைச் சுற்றி ஒரு சதுரத்தை விட்டுவிட்டுத்தான் அடிப்போம் என்று. தெரு முழுக்க வீடுகள் நீலமும் பச்சையுமாக மின்னும், ஒவ்வொன்றின் நெற்றியிலும் அழுக்கு வெள்ளையில் ஒரு சதுரம் இருக்கும். மலையில் பிறந்தவனுக்கு அது எப்படித் தெரியும், நாமும் சொல்லி வைக்கவில்லை.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருக்காது. உனக்குத்தான் அவரைத் தெரியுமே, பிடித்தவர்களை வாடா போடா என்று கிண்டல் செய்துகொண்டே இருப்பார், மலையில் விளைவது அதுதானே என்று எலீசியோவை "டேய் உருளைக்கிழங்கு" என்றுதான் கூப்பிடுவார். அன்றிலிருந்து "வாங்க தம்பி, உட்காருங்க தம்பி, காபி எடுத்துக்குங்க" என்கிறார். அந்தப் பையன் மலைக்காரன் ஆயிற்றே, மாமா இப்போதுதான் தன்னை மதிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று நினைத்து முகமெல்லாம் பூரித்துப் போகிறான். யொலெய்தா உள்ளே போய் அழுகிறாள்.

மறுநாளே அப்பா கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனார், மேல் மஞ்சளை மட்டும் மெதுவாக எடுத்தால் அடியில் கறுப்பு தெரியும் என்று கணக்குப் போட்டார். நான் வேண்டாம், அவசரப்படாதீர்கள் என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. கப்பல் இன்ஜின் பிரித்துப் பூட்டிய கை என்று அவருக்கு நினைப்பு. மஞ்சளும் கறுப்பும் அதன் அடியில் இருந்த வெள்ளையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு அப்பளம் போலப் பெயர்ந்து கீழே விழுந்து தூளாகிவிட்டது. அதற்கு அடியில் ரோஜா நிறம் வந்தது, யொலெய்தாவின் முதல் நற்கருணைக்கு அடித்தது. கோபத்தில் அதையும் சுரண்டினார், பச்சை வந்தது. கம்பெனி வெளிநாட்டுக்காரர் கையிலிருந்து நம் நாட்டுக்கு வந்த வருஷம் ஏரிப் படகுகளையெல்லாம் பச்சைக்கு மாற்றினார்களே, மிஞ்சிய டப்பாக்களில் இந்தத் தெருவே பச்சையானது. அதற்கும் கீழே சாம்பல், எண்ணெய்த் தொட்டிக்கு அடிக்கிற பெயிண்ட், என் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது அடித்தது. அதோடு நிறுத்தினார், அதற்கப்புறம் செங்கல்தான். நெற்றியில் கையகலத்துக்குப் புண் போல அந்த இடம் இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லோரும் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நம் தெருவிலேயே இருக்கும் தெயானிரா மட்டும் நான் அழுவதைப் பார்த்துவிட்டு, "அடியே நெல்வா, உன் வீட்டுக்கு எத்தனை வயசுன்னு ஆபீஸ்காரங்களுக்கு இதவிட வேற என்ன சாட்சிடி வேணும்" என்று சிரிக்க வைக்கப் பார்த்தாள்.

ஆபீஸ்காரர்களிடம் அந்தச் சாட்சி செல்லவில்லை. இந்த மாதம் முதல் வாரத்தில் தெருவுக்கு வந்து வீடு வீடாகப் பார்த்தார்கள், நம் வாசலில் வந்து நின்ற பெண்ணுக்கு யொலெய்தா வயதுதான் இருக்கும், பாவம், அவளும் என்ன செய்வாள். "நானூத்துப் பதினேழுன்னு ஒரு வீடு எங்ககிட்ட பதிவுல இருக்குதும்மா, ஆனா அது இந்த வீடுதான்னு நான் எப்படி எழுதுறது? இந்த மூணு வருஷத்துல ரெண்டு வீட்டுக்கு நடுவுல தகரம் அடிச்சுக் குடிவந்தவங்க எல்லாம் பக்கத்து வீட்டு எண்ணைத் தன்னோடதுன்னு சொல்றாங்க" என்றாள். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். இந்தத் தெருவில் எல்லோரும் எல்லோருக்கும் சாட்சி சொல்கிறார்கள், அதனால் யார் சாட்சியும் செல்லாது என்று மேலே முடிவு செய்துவிட்டார்களாம். சுவரில் எண் இருக்க வேண்டும், அல்லது எண்ணோடு சேர்ந்து வீடு தெரிகிற படம் வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த திங்கட்கிழமை அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸுக்கே கிளம்பினார், வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்வாரே என்று நானும் கூடப் போனேன். அங்கே ஒரு ஆள், எத்தனை வருஷமாக இங்கே குடியிருக்கிறீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "கேளுங்க தம்பி, இவ அப்பா பொறந்தப்போ இங்க ஊரே தண்ணி மேலதான் இருந்துச்சு, மரக்கால் ஊனி வீடு, வாசல்ல படகு. அப்புறம் உங்க கம்பெனிக்காரங்க வந்து வீட்டுக்கு வீடு நடுவுல கிணறு தோண்டினாங்க. தண்ணி மேல எண்ணெய், எண்ணெய்க்கு மேல சனம், அதுக்கு மேல விளக்கு. ஒரு நாள் ராத்திரி மொத்த ஊரும் எரிஞ்சு போச்சு. மிஞ்சினவங்களுக்கு உள்ளே தள்ளிப் புது நகரம் கட்டி வெச்சிருந்தாங்க, ரோடு எல்லாம் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமா, அழகுதான். இவ அப்பா போய்ப் பார்த்துட்டு, இங்க படகை எங்கய்யா கட்டுறதுன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டாரு. வந்து கட்டினதுதான் இந்த வீடு" என்றார். அந்த ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். நிறுத்தினாரா? கம்பெனி கம்பிவேலி போட்ட காலம், வேலிக்கு உள்ளே வெளிநாட்டுக்காரர்களுக்கு நீச்சல்குளம், வெளியே நமக்குத் தெருக்குழாய், சங்கு ஊதினால் ஊரே எழுந்து சங்கு ஊதினால் ஊரே படுத்தது, தீவிலிருந்தும் மலையிலிருந்தும் ஆட்கள் லாரி லாரியாக வந்து இறங்கியது, சேற்றில் பலகை போட்டு நடந்த இடத்தில் சினிமாக் கொட்டகையும் வங்கியும் வந்தது, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "அடியில இருந்த எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச மேல இருந்த நாங்க இறங்கிட்டே போனோம் தம்பி. எல்லாரும் சேர்ந்தே இறங்கினதால யாருக்கும் தெரியல. ஏரி ஏறுதுன்னுதான் நெனச்சோம்" என்றார். அப்போது மட்டும் அந்த ஆள் பேனாவைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, "எல்லாம் சரிதான் ஐயா, ஒரு படம் கொண்டு வாங்க" என்றார்.

திரும்பி வரும்போது அப்பா பஸ்ஸில் என்ன சொன்னார் தெரியுமா, "கெடைக்கலன்னா என்னடி, நம்ம பாட்டுக்கு இங்கயே இருப்போம், அங்க மேட்டுல தண்ணி வண்டிக்குக் குடம் தூக்கிட்டு நிக்கணும், இங்க பாரு காத்து" என்றார். இந்த மனுஷனுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தானோ என்று எனக்குச் சந்தேகம். என் அப்பா செய்த அதே வேலையை இவரும் செய்யப் பார்க்கிறார். எனக்கு அந்தக் காற்று வேண்டாம். நீ போன பிறகு கரையை இன்னும் உயர்த்தியிருக்கிறார்கள். மேலே ஏறும் படிகளில் எனக்கு மூச்சு வாங்குகிறது, வயதானதாலா படி கூடியதாலா என்று அப்பாவைக் கேட்டால் இரண்டும்தான் என்கிறார். துணி காயப்போடும்போது நிமிர்ந்து பார்த்தால் நம் கூரைக்கு மேலே கப்பல் போகிறது. சின்ன வயதில் உனக்கு அதைக் காட்டித்தான் சோறு ஊட்டினேன், அப்போது வேடிக்கையாக இருந்தது, இப்போது கப்பலைப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் அங்கே நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஊறுகிற தண்ணீரை ஏரிக்கே இறைத்துக் கொட்டும் வாய்க்கால் பம்பு இரவும் பகலும் ஓடுகிறது, அந்தச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றால் தெருவே வாசலுக்கு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறது. போன வருஷம் கிழக்கே பூமி அதிர்ந்து அவ்வளவு பேர் செத்தார்களே, அதற்குப் பிறகு இங்கே சைரன் ஊதி ஒத்திகை வைத்தார்கள், மண்ணால் கட்டிய கரை, குலுக்கினால் நிற்குமா என்று அவர்களுக்கே பயம். நானும் யொலெய்தாவும் மேட்டுக்கு ஓடினோம். அப்பா வாசலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, ஓடுகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் கழித்து யொலெய்தாவுக்குக் கல்யாணம், அவர்களும் முதலில் நம் வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள், நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதை நான் எங்கே தொட்டில் கட்டிப் போடுவேன் சொல், இந்தக் கரைக்கு அடியிலா?

அதனால் படம் தேடினோம். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். பெட்டி, அலமாரி, மெத்தைக்கு அடி, எல்லாவற்றையும் கவிழ்த்தோம். சான் பெனித்தோ ஊர்வலம் நம் தெருவுக்கு வரும் நாளில், மேளம் முனை திரும்புவதற்குள், தெயானிராவின் மச்சான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குடும்பத்தை நிறுத்தி ஒரு படம் எடுப்பாரே, வருஷத்துக்கு ஒன்று என்று அத்தனையும் இருக்கின்றன. எலீசியோதான் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், பாவம், இப்போது அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு பார்த்தான். ஒரு படத்திலும் எண் இல்லை. இருக்காது, எப்படி இருக்கும். நான்தானே உங்களை நிறுத்தி வைப்பேன். திருவிழா நாளும் அதுவுமாக ஆட்டு முதுகில் சூடு போட்ட மாதிரி அந்தக் கறுப்பு எண் படத்தில் விழக் கூடாது என்று, வீட்டில் உயரமானவன் நீ, உன்னைப் பிடித்து அதற்கு முன்னால் நிறுத்துவேன். "இன்னும் கொஞ்சம் இடது பக்கம் வாடா, ஹூம், இப்ப மறையுது, அசையாதே" என்று கத்துவேன், நினைவிருக்கிறதா? நீ கூட ஒரு தடவை, "நான் மகனா, திரைச்சீலையாம்மா" என்று கேட்டாய். வருஷா வருஷம் அதே இடத்தில் நிற்கிறாய், மீசை முளைக்கிறது, தோள் அகலமாகிறது, உன் தலைக்குப் பின்னால் நம் வீடு பத்திரமாக ஒளிந்துகொண்டிருக்கிறது. நம் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதைதான், தெயானிரா அவள் வீட்டு எண்ணுக்கு முன்னால் மாமியாரை நிறுத்துவாள். ஆனால் அவர்கள் சுவரில் எண் பத்திரமாக இருக்கிறது.

எலீசியோ படங்களை மூடி வைத்துவிட்டு, "அவ்வளவுதாங்களாம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான் என்றுதான் சொன்னேன். பிறகு அரெப்பா ரொட்டிக்குச் சோள மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது எனக்கு நினைவு வந்தது, பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு படம் இருக்கிறது. நீ போன அந்த வருஷத்து டிசம்பரில் எடுத்தது. மச்சான் வந்து நிற்கச் சொன்னார், மேளம் நெருங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் போய் நின்றோம். அப்பா ஒரு பக்கம், யொலெய்தா அவர் பக்கத்தில், நான் இந்தப் பக்கம். யாரும் யாரையும் தள்ளி நில் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, எல்லோரும் அவரவர் இடத்தில்தான் நின்றோம். படம் கழுவி வந்தபோது பார்த்தேன், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் நீ நிற்கிற அகலத்துக்கு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் பளிச்சென்று நானூற்றுப் பதினேழு. எண் அசிங்கமாகத் தெரிகிறது, இதை நான் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லித்தான் அதை உனக்கு வந்த முதல் கடிதத்தில் வைத்து அனுப்பினேன். எண்ணுக்காக இல்லை மகனே. அதைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டு என்னால் சமைக்க முடியாது. அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து மச்சான் வந்தால் அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன், நாங்கள் படமே எடுக்கவில்லை. நெகட்டிவ் கேட்டுப் போனேன், மழைத்தண்ணீர் இறங்கி ஒரு கட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் அது உன்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

உன்னிடம் இருக்கிறதா? எனக்குத் தூக்கம் போவது இதனால்தான். நீ ஒரு தடவை யொலெய்தாவிடம், அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை, எங்கேயோ உள்ளே போட்டுவிட்டேன் என்று சொன்னாயாம். எங்கே போட்டாய்? அறை மாறியபோது கூட வந்ததா? பழைய சட்டைப் பை, பைபிள், பெட்டியின் அடித்துணி, எல்லாவற்றையும் பார். கோபத்தில் கிழித்திருந்தாலும் பரவாயில்லை, துண்டுகளை ஒட்டி அனுப்பு, ஒட்டிய படம் செல்லாது என்று அவர்கள் சொல்லவில்லை. பின்பக்கத்தில் நான் இரண்டு வரி எழுதியிருப்பேன், அதை ஆபீஸ்காரர்கள் படித்தால் படிக்கட்டும். யார் வருகிறார்களோ அவர்கள் கையில் கொடு, இல்லாவிட்டால் பணம் போனால் போகிறது என்று கூரியரில் போடு, ஃபோன் செய்து கிடைத்தது என்று ஒரே ஒரு வார்த்தை சொல், அப்பா பக்கத்தில் இருந்தால் இருக்கட்டும். நேற்று எலீசியோ காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது, அந்த ஒரு படம் இருக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அப்பா அவனைப் பார்த்து, "டேய் உருளைக்கிழங்கு, சர்க்கரை பத்தலடா" என்றார். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியாமல் முகம் வாடிப் போனது, யொலெய்தா ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இது கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

சோள மாவு நாலு பொட்டலமும் தேங்காய் மிட்டாயும் அனுப்பியிருக்கிறேன், மிட்டாயைப் பியாசிமில் பையன் வழியில் தின்றுவிட்டானா என்று எண்ணிப் பார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போ, பாஷை புரியாவிட்டாலும் போய் உட்கார். மேடையில் காற்று அடிக்கும்போது விளிம்புக்குப் போகாதே, காதை மூடிக்கொள், இரவு வேலை முடித்து வந்து ஈரத்தலையோடு படுக்காதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், கன்னிமாதா உன் முன்னால் நடக்கட்டும், நம் கறுப்புச் சாமி சான் பெனித்தோ உன் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். அந்தப் படத்தை மறக்காதே. வீடு கிடைத்தால் டிசம்பரில் மச்சானை மேட்டுக்கே வரவழைத்து, புது வாசலில் நாங்கள் எங்கள் இடத்தில் நிற்போம், எலீசியோ யொலெய்தா பக்கத்தில் நிற்பான், நடுவில் இடம் விட்டிருப்போம். அந்தச் சுவரில் மறைக்க ஒன்றும் இருக்காது. சும்மா வந்து நில்லு போதும்.

உன்னைப் பெற்ற அம்மா,
நெல்வா.